'சும்மாதான் பேசினோம்': ஒரு கடத்தல் சதியும் நீதிமன்றம் எடைபோட்ட பேச்சும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆளுநர் கிரெட்சன் விட்மரைக் கடத்தச் சதி செய்ததாகச் சில ஆண்கள் கைதான செய்தி 2020 அக்டோபர் 8 அன்று வெளியானது. அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். ஏறக்குறைய நம் முதலமைச்சரைப் போன்றவர். கைதானவர்களில் சிலர், எல்க் ராப்பிட்ஸ் என்ற ஏரிக்கரை ஊரில் அவருக்கிருந்த விடுமுறை வீட்டை இரவில் போய் நோட்டம் பார்த்திருந்தார்கள். காவல்துறை வந்து சேர்வதைத் தாமதப்படுத்த அருகிலிருந்த பாலத்தை வெடிவைத்துத் தகர்ப்பது பற்றிப் பேசியிருந்தார்கள். மாதிரி வீடு ஒன்றை அமைத்து, அதற்குள் துப்பாக்கியோடு பாய்ந்து நுழைந்து பழகியிருந்தார்கள். பிடித்தபின் என்ன செய்வது என்பதற்கும் பல யோசனைகள் இருந்தன. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்த் தேசத்துரோகி என்று 'விசாரிப்பது' ஒரு யோசனை. மிச்சிகன் ஏரியின் நடுவே ஓடாத படகில் தனியாக விட்டுவிட்டு வருவது இன்னொரு யோசனை.

மொத்தம் 14 பேர்மீது வழக்கு. கூட்டரசு நீதிமன்றத்தில் ஆறு பேர்; மாநில நீதிமன்றங்களில் எட்டுப் பேர். கூட்டரசு வழக்கில் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மீதி நால்வர் விசாரணையைச் சந்தித்தார்கள். 2022 ஏப்ரல் 8 அன்று ஜூரி அவர்களில் இருவரை விடுதலை செய்தது. சதியின் தலைவர்களாகச் சொல்லப்பட்ட ஆடம் ஃபாக்ஸ், பாரி கிராஃப்ட் இருவரைப் பற்றி ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தது. வேறொரு ஜூரி அவ்விருவரையும் குற்றவாளிகள் என்றது. ஃபாக்ஸுக்கு 16 ஆண்டு, கிராஃப்டுக்கு 19 ஆண்டு 7 மாதம் சிறை. மாநில வழக்குகளில் ஐவர் தண்டனை பெற்றார்கள். கடைசி மூவர் 2023 செப்டம்பரில் விடுதலையானார்கள். ஆக, ஒன்பது பேர் குற்றவாளிகள், ஐந்து பேர் விடுதலை.

இந்த வழக்கில் எதிர்த்தரப்பு முன்வைத்த வாதம் இரண்டு வாக்கியங்களில் அடங்கும். 'எங்களைத் தூண்டிவிட்டது எஃப்.பி.ஐ.' என்பது ஒன்று. 'நாங்கள் சும்மாதான் பேசினோம்' என்பது மற்றொன்று. பொதுவெளியில் இவ்விரண்டும் ஒரே வாதமாகவே புழங்குகின்றன. முதல் வாக்கியத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பெண்ணியவாதிகள் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டாவது வாக்கியத்தை நாம் எளிதில் ஏற்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடக்கும் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பொறி

தமிழில் 'பொறி' என்றால் எலியைப் பிடிக்கும் கூண்டு; அதே சொல் தீயின் துளியையும் குறிக்கும். இந்த வழக்கின் சட்டச் சிக்கலைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. அரசு வைத்தது பிடிக்கும் பொறியா, பற்றவைக்கும் பொறியா என்பதுதான் கேள்வி.

லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரசாயனம் தடவிய நோட்டுகளைக் கொடுத்து அதிகாரிகளைப் பிடிப்பதை நாளிதழ்களில் படிக்கிறோம். அங்கே அதிகாரி முதலில் பணம் கேட்கிறார். கேட்கப்பட்டவர் புகார் கொடுக்கிறார். அதன்பிறகுதான் நோட்டு வருகிறது. கேட்டதை நிரூபிக்காமல் கையில் பணம் இருந்ததை மட்டும் காட்டினால் வழக்கு நிற்காது. இப்போது மாற்றி யோசித்துப் பார்ப்போம். காவல்துறை ஆள் ஒருவர், யாரிடமும் எதுவும் கேட்காத ஒரு குமாஸ்தாவிடம் மாதக்கணக்கில் போய்வந்து, நட்பாகி, அவர் கடனில் தவிக்கும் நாளில் பணத்தைத் திணித்துவிட்டுக் கைது செய்தால்? அங்கே குற்றத்தை உண்டாக்கியவர் யார்? அமெரிக்கச் சட்டம் இந்தக் கேள்விக்குக் கொடுத்த விடையே பொறிவைப்பு வாதம்.

அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை முதலில் ஏற்றது 1932-இல், மதுவிலக்குக் காலத்தில். சாரல்ஸ் என்பவரிடம் மாறுவேடத்தில் வந்த அதிகாரி, தானும் முதல் உலகப் போரில் அதே படைப்பிரிவில் இருந்தவன் என்று பழகி, மறுபடி மறுபடி கெஞ்சிச் சாராயம் வாங்கினார். 1958-இல் ஷெர்மன் வழக்கு. போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போன இடத்தில், அதே சிகிச்சைக்கு வந்த இன்னொருவர் 'என்னால் தாங்க முடியவில்லை, எங்காவது வாங்கிக் கொடு' என்று பலமுறை மன்றாடினார். கெஞ்சியவர் அரசின் உளவாளி. 1992-இல் ஜேக்கப்சன் வழக்கு. நெப்ராஸ்கா விவசாயி ஒருவருக்கு அரசு 26 மாதம் போலிப் பெயர்களில் கடிதம் அனுப்பி, சட்டவிரோதமான ஓர் இதழை வாங்க வைத்தது. அரசு தொடர்புகொள்வதற்கு முன்பே அவருக்கு அந்த மனச்சாய்வு இருந்தது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆகக் கூட்டரசுச் சட்டத்தில் இரண்டு கேள்விகள். அரசு தூண்டியதா? தூண்டியிருந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்பே அந்த மனச்சாய்வு இருந்ததா? மிச்சிகன் மாநிலச் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே முதன்மையாகப் பார்க்கப்படுவது காவல்துறையின் நடத்தை. தீர்மானிப்பவர் ஜூரி அல்ல, நீதிபதி. ஒரே சதி, ஒரே ஒலிப்பதிவுகள். ஆனால் ஒரு நீதிமன்றம் ஆணின் மனத்துக்குள் எட்டிப்பார்க்கிறது, இன்னொன்று காவலரின் கையைப் பார்க்கிறது.

கூட்டரசு வழக்கில் எல்லாமே அந்த 'முன்பே இருந்த மனச்சாய்வு' என்ற சொற்றொடரில் தொங்குகிறது. மனச்சாய்வை எப்படி அளப்பது? பெரும்பாலும் பேச்சைக் கொண்டுதான். முன்பு என்ன சொன்னார், என்ன எழுதினார், எப்படித் திட்டினார். பெண்ணை நோக்கிய ஆணின் வன்சொல்லுக்கு எவ்வளவு எடை என்ற பழைய கேள்வி சட்டத்தின் நடுக்கூடத்துக்கு வந்துசேர்வது இவ்வழியாகத்தான்.

உளவாளி நின்ற இடம்

எதிர்த்தரப்பின் முதல் வாக்கியத்தில் உண்மை இருக்கிறதா? கணிசமாக இருக்கிறது.

உல்வரின் வாட்ச்மென் என்ற ஆயுதக் குழுவில் 2020 மார்ச்சில் சேர்ந்தவர் டான் சாப்பெல், ஈராக் போரில் இருந்த முன்னாள் ராணுவ வீரர். காவலர்களைக் கொல்வது பற்றிக் குழுவில் பேசியதைக் கேட்டு அஞ்சி, காவல்துறையிலிருந்த நண்பரிடம் சொன்னார். இதுவரை அவர் ஒரு குடிமகன் செய்ய வேண்டியதைச் செய்தவர். பிறகு எஃப்.பி.ஐ. அவரை உள்ளேயே இருக்கச் சொன்னது. ஏழு மாதத்தில் அவருக்குக் கிடைத்த பணம் 50,000 டாலருக்கு மேல். போர் அனுபவம் இருந்ததால் பயிற்சிகளில் முக்கிய இடம் பெற்றார். எல்க் ராப்பிட்ஸ் நோட்டத்துக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். வெடிபொருள் நிபுணர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் எஃப்.பி.ஐ.யின் ஆள், வெடிப்பது எப்படியிருக்கும் என்று காட்டிய காணொளியும் அரசுடையது. விஸ்கான்சினைச் சேர்ந்த இன்னோர் உளவாளி இந்தக் கூட்டங்களை ஏற்பாடு செய்வதில் அவ்வளவு தீவிரமாக இருந்தார். பிறகு அவர்மீதே துப்பாக்கி வழக்கு வந்தது. ஆடம் ஃபாக்ஸோ தூசி உறிஞ்சும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடையின் நிலவறையில் குடியிருந்தவர். கையில் காசில்லை. அவரைச் சுற்றி நின்றவர்களில் எத்தனை பேர் அரசின் சம்பளத்தில் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் புலனாய்வின் முகமாக நீதிமன்றத்தில் தோன்றிய எஃப்.பி.ஐ. அதிகாரிகளில் ஒருவர், 2021 ஜூலையில் தம் மனைவியைத் தாக்கியதற்காகக் கைதானார். பணிநீக்கம் செய்யப்பட்டார். அரசுத் தரப்பு அவரை ஜூரியின்முன் சாட்சியாக அழைக்கவில்லை. ஒரு பெண்ணைக் கடத்தல்காரர்களிடமிருந்து காத்ததாகச் சொல்லும் புலனாய்வின் உள்ளே, வீட்டுக்குள் அடிபட்ட இன்னொரு பெண் இருக்கிறார். 'அரசு காப்பாற்றியது' என்று எழுதுவதற்குமுன் நாம் நின்று யோசிக்க இது ஒன்றே போதும். பெண்ணைக் காக்கும் அரசு, பெண்ணை அடிக்கும் ஆண் என்று இரண்டு தனித்தனி உருவங்கள் எப்போதும் இருப்பதில்லை.

எனவே, 'ஆளுநருக்கு எதிரான சதியில் பொறிவைப்பு வாதமே கூடாது' என்று சொல்ல நமக்கு நியாயமில்லை. அந்த வாதம் அரசின் கையைக் கட்டும் மிகச் சில கயிறுகளில் ஒன்று.

எடையற்ற சொற்கள்

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். 'சும்மாதான் பேசினோம்.'

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இதைப் பல விதமாகச் சொன்னார்கள். இவர்கள் கஞ்சா போதையில் உளறியவர்கள், கோபக்காரர்கள், வீறாப்புப் பேசுபவர்கள், திட்டம் என்று ஒன்று இருந்ததேயில்லை. வழக்கறிஞர்கள் தம் கட்சிக்காரருக்காக அப்படிப் பேசத்தான் வேண்டும், அதில் குறையில்லை. ஆனால் அந்த வாதம் எடுபடுவதற்குக் கேட்பவர் மனத்தில் முன்பே ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும். ஆண்கள் கூடினால் அப்படித்தான் பேசுவார்கள், அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்ற இடம். நம் வீடுகளில் இதற்கான சொற்கள் எல்லாருக்கும் தெரியும். 'கோவத்துல சொன்னதுதானே', 'வாய்தான் அப்படி, மனசு தங்கம்', 'குரைக்கிற நாய் கடிக்காது'. கணவன் 'வெட்டிப் போட்டுடுவேன்' என்று சொன்னதைக் காவல் நிலையத்தில் சொல்லும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் பதிலும் இவற்றில் ஒன்றுதான்.

பதிவான பேச்சைப் பார்ப்போம். விட்மரைக் குறிக்க அவர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் பெயரையோ பதவியையோ அல்ல. பெண் நாயைக் குறிக்கும் ஆங்கில வசைச்சொல்லை. தமிழில் ஒரு பெண்ணின் மரியாதையைக் குறைக்க வசைகூட வேண்டியதில்லை; 'அவர்' என்பதை 'அவள்' ஆக்கினால் போதும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை, அதனால் அந்த வேலையை வசைச்சொல் செய்கிறது. பதவியில் இருக்கும் ஒருவரை முதலில் வெறும் பெண்ணாக்க வேண்டும். பிறகு பெண்ணைவிடக் கீழானதாக்க வேண்டும். அதற்குப் பின்புதான் 'பிடி, தூக்கு' என்ற வினைச்சொற்கள் கூச்சமில்லாமல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒருவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, அவள் திறந்ததும் சுட்டுவிட வேண்டியதுதானே என்ற பொருளில் குழு அரட்டையில் ஒரு செய்தி இருந்ததைக் குற்றப்பத்திரம் காட்டியது. அதை எழுதியதாகச் சொல்லப்பட்டவர் விடுதலையானவர்களில் ஒருவர்.

இந்தக் குழுவினரின் பேச்சு ஆகாயத்திலிருந்து விழவில்லை. கொரோனா கட்டுப்பாடுகளை விட்மர் அறிவித்த 2020 மார்ச்சில், அப்போதைய அதிபர் டிரம்ப் அவர் பெயரைச் சொல்லாமல் 'மிச்சிகன் பெண்' என்று குறிப்பிட்டார். ஏப்ரல் 17 அன்று 'மிச்சிகனை விடுவியுங்கள்' என்று ட்விட்டரில் எழுதினார். ஏப்ரல் 30 அன்று துப்பாக்கி ஏந்தியவர்கள் லான்சிங் நகரச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அந்த நாட்களின் போராட்டங்களில் பழுப்பு முடியுள்ள ஒரு பெண் பொம்மை கழுத்தில் சுருக்கோடு தொங்கியது. கொடும்பாவி கட்டுவது நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் நம் தெருக்களில் எரியும் கொடும்பாவி வைக்கோல் அடைத்த சட்டை, அதில் ஒட்டிய பெயர். இங்கே தொங்கியது பெண்ணுடலின் வடிவம்.

எனில், 'முன்பே இருந்த மனச்சாய்வு' எது? ஒரு தனிமனிதரின் மனத்துக்குள் மட்டும் அதைத் தேடும் சட்டம், அவர் நிற்கும் வெளி முழுதும் அந்தச் சாய்வால் நிரம்பியிருப்பதைப் பார்ப்பதில்லை. எல்லாரும் பேசும் பேச்சு என்பதாலேயே அது ஒருவரின் சாய்வுக்குச் சான்றாக எண்ணப்படாமல் போகிறது. பெண் வெறுப்பு பரவலாக இருக்க இருக்க, தனித்தனி ஆண்களுக்கு அதுவே மன்னிப்புச் சீட்டாகிவிடுகிறது. முரண் இதுதான்: வசை எவ்வளவு பொதுவானதோ அவ்வளவு எடையற்றது.

இங்கே நிதானம் தேவை. 2022 ஏப்ரல் ஜூரி ஏன் இருவரை விடுவித்தது என்பதற்கு அது காரணம் எழுதவில்லை. எழுதும் வழக்கமும் இல்லை. உளவாளிகளின் பங்கு அவர்களை உறுத்தியிருக்கலாம். ஆகவே, அந்தத் தீர்ப்புக்குப் பெண் வெறுப்பே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓஹையோவில் நடந்த கூட்டத்தில் வர்ஜீனியாவின் ஆண் ஆளுநர் ரால்ஃப் நார்தமின் பெயரும் அடிபட்டது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நான் சொல்வது வாதத்தின் இயல்பைப் பற்றியது. 'சும்மாதான் பேசினோம்' என்பது யார் சொன்னாலும் ஒரே எடையுடன் கேட்கப்படும் வாக்கியம் அல்ல. அதற்கு ஒரு சான்று இருக்கிறது.

நியூபர்க்கில் பேச்சின் எடை

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் நியூபர்க் என்றோர் ஏழை நகரம். 2009 மே மாதம் அங்கிருந்து நான்கு கறுப்பின முஸ்லிம் ஆண்கள் கைதானார்கள். யூத வழிபாட்டிடங்களுக்கு வெளியே குண்டு வைத்ததும், ராணுவ விமானங்களைச் சுடத் திட்டமிட்டதும் குற்றம். குண்டு போலி, ஏவுகணை போலி, எல்லாமே அரசு கொடுத்தவை. பணக்கார வணிகராக மசூதிக்கு வந்துபோன உளவாளி, கடைச் சிப்பந்தியான ஜேம்ஸ் குரோமிட்டியிடம் 2,50,000 டாலர் வரை தருவதாகச் சொல்லியிருந்தார். குரோமிட்டி பல வாரங்கள் அவரைத் தவிர்த்தார்; வேலை போன பிறகு திரும்பி வந்தார்.

ஜூரி பொறிவைப்பு வாதத்தை ஏற்கவில்லை. 2011-இல் நீதிபதி கொலீன் மக்மேன் 25 ஆண்டு சிறை விதித்தார். சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தண்டனை அது. இந்த மனிதரைப் பயங்கரவாதியாக்க அரசால் மட்டுமே முடியும் என்ற பொருள்பட அவரே சொன்னார். ஆனால் விடுவிக்க அவருக்கு வழியில்லை. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. மனச்சாய்வுக்குப் பெரும்பான்மை நீதிபதிகள் காட்டிய சான்றுகளில் முக்கியமானது எது? குரோமிட்டியின் பேச்சு. அமெரிக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும், தியாகியாகச் சாக வேண்டும் என்று அவர் சொன்ன சொற்கள். 2023-இல் மற்ற மூவரை விடுவிக்க ஆணையிட்டபோது, இந்த வழக்கின் உண்மையான முதன்மைச் சதிகாரர் அமெரிக்க அரசுதான் என்று மக்மேன் எழுதினார். 2024 ஜனவரியில் குரோமிட்டியையும் விடுவிக்க ஆணையிட்டார். அதற்குள் பதினான்கு ஆண்டுகள் போய்விட்டன.

இவ்விரண்டு வழக்குகளையும் முதுகலை மாணவிகளுடன் சேர்த்துப் படித்தபோது ஒருத்தி கேட்டாள்: "அப்போ இவங்க பேசினா அது வாக்குமூலம், அவங்க பேசினா அது வாய்ச்சவடாலா மேடம்?" கேள்வி சரியானது. விடை அத்தனை நேரானதன்று. ஃபாக்ஸும் கிராஃப்டும் கடைசியில் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள்; உளவாளியைச் சந்திக்கும் முன்பே அவர்களிடம் இந்த எண்ணம் இருந்தது என்ற அரசின் வாதத்தை இரண்டாவது ஜூரி ஏற்றது. மிச்சிகனில் வீட்டை நோட்டம் பார்த்தவர்களின் துப்பாக்கிகள் அசல், அவர்களே சொந்தமாக வைத்திருந்தவை. நியூபர்க்கில் குற்றவாளிகளிடம் ஒன்றுமேயில்லை. ஆனாலும் ஒன்று தெரிகிறது. நியூபர்க் ஏழைகளின் உளறலை நீதிமன்றம் எழுத்துக்கு எழுத்து நம்பியது. ஆளுநரின் வீட்டுக் கதவைத் தட்டிச் சுடுவது பற்றி எழுதிய வெள்ளையரின் உளறலை அது உளறலாகவே விட முடிந்தது. பேச்சின் எடை பேசுபவரின் இனத்தையும் மதத்தையும் பொறுத்து மாறுகிறது. யாரைப் பற்றிய பேச்சு என்பதைப் பொறுத்தும் மாறுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு பிறகும் தொடர்ந்தது. 2025 மே மாதம், மறுபடி அதிபராகிவிட்ட டிரம்ப், விட்மர் வழக்கில் தண்டனை பெற்றவர்களை மன்னிப்பது பற்றிப் பார்ப்பதாகச் சொன்னார். அந்த விசாரணை அநியாயமாக நடத்தப்பட்டதுபோல் தெரிகிறது என்றார். நியூபர்க் நால்வருக்காக எந்த அதிபரும் இப்படிப் பேசியதில்லை.

கேட்டவரும் தூண்டியவரும்

சரி, பெண்ணுக்கு எதிரான பேச்சை நம்பவும் வேண்டும், அரசின் தூண்டுதலைத் தடுக்கவும் வேண்டும் என்றால், அது நடக்கக்கூடியதா? இங்கிலாந்தில் ஒருமுறை நடந்தது.

அங்கே 2016 ஜூன் 16 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ், தம் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன பெர்ஸ்டால் தெருவில் வலதுசாரி வெறியர் ஒருவரால் சுடப்பட்டும் குத்தப்பட்டும் இறந்தார். அவருடைய கொலையைக் கொண்டாடிய நேஷனல் ஆக்‌ஷன் என்ற நவநாஜிக் குழு பிறகு தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, 2017 ஜூலையில், வாரிங்டன் ஊர் மதுக்கடை ஒன்றில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஜாக் ரென்ஷா, ரோசி கூப்பர் என்ற பெண் நாடாளுமன்ற உறுப்பினரைக் கொல்லப்போவதாகவும், அதற்குக் கத்தி வாங்கிவிட்டதாகவும் நண்பர்களிடம் சொன்னார். அந்த மேசையில் இருந்த ராபி மல்லன், குழுவில் மனம் வெறுத்துப்போய் வெறுப்பரசியலுக்கு எதிரான ஓர் அமைப்புக்கு ரகசியமாகத் தகவல் சொல்லிவந்தவர். அன்றிரவே செய்தி போனது. கத்தி கிடைத்தது. ரென்ஷா பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019-இல் ஆயுள் தண்டனை பெற்றார்.

இந்த வழக்கில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். முதலாவது, மல்லன் எதையும் முன்மொழியவில்லை, வாங்கித் தரவில்லை, வண்டி ஓட்டவில்லை. மதுக்கடை மேசையில் கேட்ட சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார். 'குடிச்சிட்டு உளர்றான்' என்று தட்டிவிடவில்லை. அவ்வளவுதான். இரண்டாவது, ரென்ஷாவின் பட்டியலில் இன்னொரு பெண்ணும் இருந்தார். சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்காக அவரை விசாரித்துவந்த பெண் காவல் அதிகாரி. ரென்ஷா அந்தக் குற்றங்களிலும் தனியாகத் தண்டிக்கப்பட்டார். அரசியல் வன்முறை ஒரு கோப்பு, பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் நடக்கும் வன்முறை வேறொரு கோப்பு என்று பிரித்துவைக்கும் அலுவலகங்கள், ஒரே மனிதரின் கைரேகை இரண்டிலும் இருப்பதைக் கவனிப்பதில்லை.

டான் சாப்பெலும் தொடக்கத்தில் மல்லனைப் போன்றவர்தான். கேட்டார், அஞ்சினார், சொன்னார். கேட்பவராக இருந்தவரை நடத்துபவராக மாற்றியது எஃப்.பி.ஐ.யின் வழிமுறை. நியூபர்க் போன்ற வழக்குகளில், முஸ்லிம் குடியிருப்புகளில் பத்தாண்டுகளாகப் பழகிய அதே வழிமுறை. அந்த மாற்றம் நிகழ்ந்த இடத்தில்தான் மிச்சிகன் வழக்கு பலவீனமானது. பெண்ணைக் கொல்வது பற்றிய பேச்சே குற்றச் சான்றாகப் போதும் என்று நம்பாத ஓர் அமைப்பு, அந்தப் பேச்சுக்குப் பாலமும் வெடிகுண்டும் படகும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டினால்தான் ஜூரி நம்பும் என்று நினைத்ததோ என்றுகூடத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஆனால் மிரட்டலை மிரட்டலாக விசாரிக்கும் பழக்கமிருக்கும் இடத்தில் நாடகத்துக்குத் தேவை குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சாட்சிக் கூண்டில் இல்லாதவர்

விசாரணை முழுவதிலும் விட்மர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. சட்டப்படி அவர் தேவைப்படவில்லை. பொறிவைப்பு வாதம் எழுந்ததுமே கேள்வி இரு தரப்புக்கு நடுவில் மட்டும் நிற்கிறது: அரசின் ஆட்கள் எவ்வளவு தள்ளினார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் எவ்வளவு சாய்ந்திருந்தார்கள். யாரை நோக்கி இத்தனையும் நடந்ததோ அந்தப் பெண், இரு ஆண் கூட்டங்களின் வழக்கில் பொருளாக மட்டும் இருக்கிறார்.

ஆனால் அவர் வாழ்க்கையில் இது 'சும்மா' நடக்கவில்லை. புலனாய்வு நடந்த மாதங்களில் அவரும் குடும்பத்தினரும் சில வேளைகளில் இடம் மாற்றப்பட்டதை மாநிலத் தலைமை வழக்கறிஞர் டேனா நெசல் சொன்னார். பேச்சு செயலாகாவிட்டாலும், பேசப்பட்டவர் வீட்டை விட்டு நகர வேண்டியிருக்கிறது. இதை அளக்கப் பொறிவைப்பு வாதத்தில் அளவுகோல் இல்லை. தெருவில் ஒருவன் தினமும் சொல்லும் சொல்லுக்காகக் கல்லூரிக்குப் போகும் பாதையை மாற்றிக்கொண்ட பெண்ணுக்கு இது விளக்காமலே புரியும்.

உளவாளிகளே இல்லாத வழக்குகளையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 2022 அக்டோபரில் நான்சி பெலோசியைத் தேடி வீட்டுக்குள் புகுந்தவன், அவர் எங்கே என்று கேட்டு, கணவரைச் சுத்தியலால் தாக்கினான். 2025 ஜூனில் மினசோட்டா சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மேனும் கணவரும் தம் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கதவைத் தட்டிச் சுடுவது என்பது பேச்சோடு நின்றுவிடும் ஒன்றல்ல.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். காவல்துறை குற்றத்தை உற்பத்தி செய்தால் அதைக் கேள்வி கேட்கும் உரிமை எல்லாருக்கும் வேண்டும். ஃபாக்ஸுக்கும் வேண்டும், அதைவிட அவசரமாகக் குரோமிட்டிக்கு வேண்டியிருந்தது. நமக்குப் பிடிக்காதவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக அந்த உரிமையைக் கைவிட்டால், நாளை அரசை எதிர்த்துக் கூடும் பெண்கள்மீதும் அதே உளவாளி அனுப்பப்படுவார். மற்றொன்று, பெண்ணை நோக்கிய மிரட்டலின் எடையை அரசின் நாடகம் நடக்கும்வரை காத்திராமல், சொல்லப்பட்ட அன்றே எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். காவல் நிலையத்தில், கட்சி அலுவலகத்தில், குடும்பத்தில், நண்பர்களின் மேசையில்.

அந்த மதுக்கடை மேசையில் மல்லனோடு வேறு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் அதே சொற்களைக் கேட்டார்கள். ரோசி கூப்பர் இன்று உயிரோடு இருப்பது அவர்களில் ஒருவர் எழுந்துபோய்ச் சொன்னதால்.